பிக்கப் வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறதா? கடலூர், புதுச்சேரி வட்டாரத்து உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொலிரோ பிக்கப், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ் எஸ்-கேப், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற சுமை வண்டிகள் வைத்திருப்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. இவை எல்லாவற்றிலும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான், அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு. கடலூர் துறைமுகத்தில் மீனும் ஐஸும், பண்ருட்டியில் பலாவும் முந்திரியும், மற்ற இடங்களில் சிமென்ட், கம்பி என்று எதை ஏற்றினாலும் புகார் ஒன்றுதான்: வண்டி குலுக்குகிறது, இடுப்பு போகிறது. கீழே வரும் எண்கள் பொதுவானவை. உங்கள் வண்டிக்கான காற்றழுத்தமும் போல்ட் முறுக்கு அளவும் கதவோர ஸ்டிக்கரிலும் கம்பெனி கையேட்டிலும் இருக்கும். அவையே கடைசி வார்த்தை.

லோடு இருந்தால் சுகமாகப் போகிறது, காலியாகத் திரும்பும்போதுதான் தூக்கிப் போடுகிறது. ஏன்?

ஒன்றரை டன்னைத் தாங்கும்படி அடுக்கிய பட்டை, காலி வண்டியின் எடைக்கு அதிகம் வளைந்து கொடுக்காது. எடை ஏறும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அதைப் பொறுத்தே துள்ளலின் வேகம் அமையும். கணக்கு எளிது: அமுங்கிய அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் நொடிக்கு எத்தனை துள்ளல் என்று தோராயமாக வந்துவிடும். காலியில் 3 செ.மீ. அமுங்கினால் நொடிக்கு ஏறக்குறைய 2.9 துள்ளல். முழு லோடில் 10 செ.மீ. அமுங்கினால் 1.6. கார்களில் இது 1 முதல் 1.5 வரை இருக்கும். உட்கார்ந்திருக்கும் மனித உடலை அதிகம் வதைப்பது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வு. பட்டை துருவேறி இறுகிவிட்டால் ஸ்பிரிங் அசையாமல் டயர் மட்டுமே அமுங்கி எழும், துள்ளலும் அந்த எல்லையை நெருங்கிவிடும்.

ஆகவே காலி வண்டி ஓரளவு கடினமாகத்தான் போகும், அது வடிவமைப்பு. ஆனால் நம் ஊரில் ஓடும் பல வண்டிகளில் இருக்கும் குலுக்கல் முழுவதும் கம்பெனி கொடுத்தது இல்லை. பாதி பிறகு சேர்ந்தது: அளவுக்கு மீறிய காற்று, இடையில் சொருகிய எக்ஸ்ட்ரா பட்டை, உப்பில் பிடித்த துரு, செத்துப்போன ஷாக் (துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்). இந்தப் பாதியை முழுவதுமாக நீக்கலாம், அதுவும் வண்டியின் சுமைதிறனில் கை வைக்காமல்.

எதிலிருந்து தொடங்குவது?

காசு செலவாகாததிலிருந்து. முதலில் டயர் காற்று, அடுத்து பட்டைகளை எண்ணிப் பார்த்துச் சுத்தம் செய்வது, பிறகு புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் குழல்), ஷேக்கிள் (பட்டையின் நுனியைச் சேசிஸோடு இணைத்து ஊசலாடும் இணைப்பு), அதன்பின் ஷாக். இவ்வளவும் முடிந்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே ஸ்பிரிங்கை மாற்றலாமா என்று யோசிக்க வேண்டும். நேராகப் போய் விலை உயர்ந்த ஷாக் நான்கை வாங்கி மாட்டுவதுதான் அதிகம் நடக்கிறது. இறுகிப்போன பட்டைக்கு எந்த ஷாக்கும் மருந்தாகாது.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? பஞ்சர் கடையில் கேட்டால் "சுமை வண்டிக்கு 70, 80 அடிச்சிக்கோங்க" என்கிறார்கள்.

அந்தப் பேச்சை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண், அந்த டயரின் அதிகபட்சச் சுமைக்கான காற்று. உங்கள் வண்டிக்கு, உங்கள் லோடுக்கு வேண்டிய காற்று கதவோர ஸ்டிக்கரில் இருக்கிறது. சில வண்டிகளில் காலிக்கும் லோடுக்கும் தனித்தனி எண்கள் தந்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது இது. ஒருமுறை எடை மேடைக்குப் போய், முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை போடுங்கள். காலியாக ஒருமுறை, வழக்கமான லோடோடு ஒருமுறை. பின் ஆக்சிலில் உண்மையில் எத்தனை கிலோ விழுகிறது என்று தெரிந்தால், டயர் கம்பெனியின் சுமை-காற்று அட்டவணையோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். 60 பி.எஸ்.ஐ. வைத்த டயர் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய இரண்டரை பி.எஸ்.ஐ. கூடும். சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் ஓடி வந்த டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைவாக இருக்கும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். டயரின் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம் வரை தடிமனாகக் கோடு போட்டு, சமமான சாலையில் நேராக நூறு, இருநூறு மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு, முழுக்க ஒரே சீராக அழிந்திருந்தால் அந்தச் சுமைக்கு அதுவே சரியான அளவு.

ஓர் எச்சரிக்கை. காலிக்குக் குறைத்த காற்றோடு லோடு ஏற்றக் கூடாது. பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். ஏற்றும் முன்பே நிரப்ப வேண்டும். ஒரே நாளில் போக லோடு, வர லோடு என்று ஓடும் வண்டியில் காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை, லோடுக்கான அளவிலேயே விட்டுவிடுங்கள். வாரத்தில் பெரும்பாலும் காலியாகவோ அரைலோடிலோ ஓடுகிறவர்களுக்குத்தான் இதில் பெரிய லாபம்.

அதிக பிளை (உள்ளடுக்கு) டயர் போட்டால் என்ன?

பக்கச் சுவர் தடித்திருக்கும், குலுக்கல் கூடும். கம்பெனி சொன்ன அளவும் சுமைக் குறியீடும் போதும். அதற்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

பட்டைகளுக்கு நடுவே துரு பிடித்திருக்கிறது. அதற்கும் குலுக்கலுக்கும் சம்பந்தம் உண்டா?

நம் கரையோர வண்டிகளுக்கு இதுதான் முதல் எதிரி. பட்டை ஸ்பிரிங் வேலை செய்வதென்றால், ஒவ்வொரு பட்டையும் அடுத்ததன் மேல் வழுக்க வேண்டும். நடுவில் துரு ஏறினால் அது வழுக்காது. பெரிய பள்ளத்தில் மட்டும் படக்கென்று விடுபட்டு அசையும். சின்ன மேடு பள்ளங்கள் எல்லாம் அப்படியே சேசிஸுக்குப் போய்விடும். மீன் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பாடியின் இடுக்கு வழியாக நேராகப் பட்டை மேலேயே வடிகிறது. முதுநகர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் நிற்கும் வண்டிகளின் அடியில் குனிந்து பார்த்தாலே தெரியும்.

ஆக்சிலைக் கழற்றாமல் செய்யும் முறை: சமதளத்தில் முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை ஆக்சிலுக்குக் கொடுக்காமல் சேசிஸுக்குக் கொடுத்துத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். இப்போது ஆக்சில் தொங்கும், பட்டைகளின் நுனிகள் விரியும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிட்டு, தட்டையான தகட்டால் நுனிகளுக்கு இடையே கிராஃபைட் கிரீஸைத் தள்ளுங்கள். நுனியில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பேட் வைத்த வண்டியானால், தேய்ந்த பேட்டை மாற்றுங்கள். அந்த இடத்தில் கிரீஸ் வேண்டாம்.

துரு அடுக்கடுக்காக உப்பி, பட்டைகளையே பிரித்துத் தூக்கியிருந்தால் இந்த மேல்வேலை போதாது. ஸ்பிரிங் பட்டறையில் முழுக்கக் கழற்றி ஒவ்வொன்றாகத் தேய்த்து, விரிசல் பார்த்து, கிரீஸ் தடவி மறுபடி அடுக்க வேண்டும். அப்போது பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டும், அடுக்கை ஆக்சிலோடு பிடிக்கும் நான்கு யூ போல்ட்டுகளும் புதிதாகப் போடுங்கள். பழைய யூ போல்ட்டின் மரை இழுபட்டிருக்கும், அதைத் திரும்ப முடுக்கினால் பிடிமானம் நிற்காது.

பழைய என்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் வேண்டாம். மணலை இழுத்து ஒட்டவைத்து உப்புத்தாளாக மாற்றும், ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், வழிந்து பிரேக் டிரம் பக்கம் போனால் ஆபத்து.

மீன் ஏற்றும் வண்டிக்கு, லோடு இறக்கிய அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதைவிட மலிவான பராமரிப்பு கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கி வந்த வண்டிக்கும் இதே விதி.

கிரீஸ் போட்டால் பட்டை வலுவிழந்து இறங்கிவிடும் என்கிறார்களே?

இறங்காது. பட்டையின் வலு இரும்பின் தடிமனிலும் அகலத்திலும் பதத்திலும் இருக்கிறது, துருவில் இல்லை. ஆனால் உண்மை ஒன்று உண்டு: அந்த உரசல் இதுவரை துள்ளலை அடக்கிக்கொண்டிருந்தது. கிரீஸ் போட்டதும் அந்தப் பொறுப்பு முழுவதும் ஷாக்குக்கு வருகிறது. ஷாக் செத்திருந்தால் வண்டி மெத்து மெத்தென்று ஆடத் தொடங்கும். அதைப் பார்த்துத்தான் பட்டை போய்விட்டது என்று நினைக்கிறார்கள்.

ஒரு பட்டையை எடுத்துவிட்டால் சாஃப்டாகிவிடுமா?

எந்தப் பட்டை என்பதைப் பொறுத்தது.

பழைய வண்டி வாங்கியிருந்தால், முதலில் பட்டைகளை எண்ணுங்கள், தடிமனை அளங்கள், கையேட்டோடு ஒப்பிடுங்கள். முந்தைய உரிமையாளர் சேர்த்த எக்ஸ்ட்ரா பட்டை இருந்தால் அதைத் தாராளமாக எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தும் தடிமன் மாறியிருக்கலாம். உடைந்த 8 மி.மீ. பட்டைக்குப் பதில் கையில் இருந்த 10 மி.மீ. பட்டையைப் போட்டிருப்பார்கள். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும், அதாவது அந்த ஒரு பட்டை மட்டும் ஏறக்குறைய இருமடங்கு விறைப்பாகிவிடும்.

அடியில் தனியாகத் தட்டையாக இருக்கும் ஹெல்பர் பட்டையை எடுத்தால் சுகம் வரும் என்பது பரவலான நம்பிக்கை. காலி வண்டியில் அதற்கும் மேல் அடுக்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா பாருங்கள். இடைவெளி இருந்தால் அது காலியில் வேலையே செய்யவில்லை, எடுத்தும் பயனில்லை. லோடில் மட்டும் வண்டி உட்கார்ந்துவிடும். காலியிலேயே தொட்டுக்கொண்டிருந்தால், மேல் அடுக்கு வளைவு இழந்து தளர்ந்துவிட்டது என்று பொருள். சரிசெய்ய வேண்டியது மேல் அடுக்கைத்தான்.

கம்பெனி கொடுத்த முதன்மை அடுக்கில் கை வைப்பதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஒரே தடிமனுள்ள 5 பட்டைகளில் ஒன்றை எடுத்தால் மீதி நான்கில் ஒவ்வொன்றின் மேலும் 25 சதவீதம் கூடுதல் பளு விழுகிறது. துள்ளல் வேகம் குறைவதோ 10 சதவீத அளவுக்குத்தான். உட்கார்ந்து உணர முடியாத சுகத்துக்காக, நடுராத்திரி லோடோடு மெயின் பட்டை உடையும் அபாயத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

உடைந்த பட்டையை வெல்டிங் வைக்கவும் கூடாது. பதம் ஏற்றிய இரும்பு அது, வெல்டிங் சூட்டில் பக்கத்திலேயே நொறுங்கும். தளர்ந்த பட்டையை அடித்து வளைவு ஏற்றினால் சில காலம் நிற்கும். சூடேற்றி வளைத்தால் மறுபடி முறையாகப் பதம் ஏற்றித் தரும் பட்டறையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புதுப் பட்டையே மேல்.

யூ போல்ட்டை முடுக்குவதில் கவனிக்க வேண்டியது என்ன?

சக்கரம் தரையில் நிற்க வேண்டும். நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில், கையேட்டு அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். முதல் லோடு போய் வந்ததும் ஒருமுறை, 500 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி பாருங்கள். தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகரும். வண்டி ஒருக்களித்து ஓடும்.

புஷ், ஷேக்கிள் எப்படிப் பார்ப்பது?

ஷேக்கிளை இரும்புக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்தது. கொஞ்சமும் அசையாமல், ரப்பர் வெடித்துத் துரு வழிந்திருந்தால் ஷேக்கிளைக் கோக்கும் இரும்புப் பின் இறுகிவிட்டது. இரண்டுமே குலுக்கல்தான். பட்டை அமுங்கும்போது நீளும், அந்த நீளத்துக்கு ஷேக்கிள் ஊசலாட இடம் வேண்டும். எக்ஸ்ட்ரா பட்டையால் வளைவு கூடிய வண்டியில் ஷேக்கிள் நின்ற கோணமே மாறிப்போய், அசைய மறுத்து அடிக்கும்.

ரப்பர் புஷ் மாற்றும்போது பெரும்பாலான இடங்களில் செய்யும் தவறு: வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே நட்டை முழுக்க முடுக்கிவிடுகிறார்கள். தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்ட நிலையில் மாட்டிக்கொள்ளும். விறைப்பாகவும் இருக்கும், சீக்கிரம் கிழிந்தும் போகும். கையால் மாட்டி, சக்கரத்தில் நிறுத்தி, ஒருமுறை ஆட்டிவிட்டுப் பிறகு இறுதியாக முடுக்குங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள ஷேக்கிளானால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை, மீன் வண்டியானால் இன்னும் அடிக்கடி, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். பாலியூரித்தேன் புஷ் நீண்டநாள் உழைக்கும், ஆனால் ரப்பரைவிட விறைப்பு. சுகம் வேண்டுமென்றால் ரப்பரே.

ஷாக் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காரைப்போல ஓரத்தை அமுக்கிப் பார்த்து இந்த வண்டியில் கண்டுபிடிக்க முடியாது, ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு. மேடு பள்ளமான சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டி வந்து, உடனே நான்கு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும், மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது செத்தது. பைப் மேல் லேசாக ஈரப்படலம் இருப்பது பரவாயில்லை, எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தால் மாற்றுங்கள். மாற்றினால் ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்து. பழையதைக் கழற்றி நிமிர்த்தி முழுக்க இழுத்து அழுத்திப் பாருங்கள், நடுவில் எங்காவது வெற்றிடம்போல் வழுக்கினால் அதுவும் போனதுதான்.

விறைப்பான ஷாக் வாங்கினால் குலுக்கல் அடங்கும் என்பது தவறு. எழும்பும் திசையில் நன்றாகப் பிடித்து, அமுங்கும் திசையில் மிதமாக விடுவதே இந்த வண்டிகளுக்கு ஏற்றது. கம்பெனி எண்ணுக்குரிய ஷாக்கே பெரும்பாலோருக்குப் போதும். கூடவே ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பர் ரப்பரையும் பாருங்கள். அது அறுந்து விழுந்திருந்தால் வேகத்தடையில் இரும்பும் இரும்பும் மோதும்.

முன்பக்கம்தான் அதிகமாக இடிக்கிறது.

அடியில் பாருங்கள். முன்பக்கமும் பட்டை என்றால் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். காயில் ஸ்பிரிங் என்றால் ஷாக், கண்ட்ரோல் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட். டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு) உள்ள வண்டியில் யாராவது போல்ட்டை முடுக்கி முன்பக்கத்தை உயர்த்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். முடுக்கினால் பார் விறைப்பாவதில்லை, உயரம் மட்டுமே கூடுகிறது. சக்கரம் கீழிறங்க இடம் குறைந்து, பள்ளத்தில் இறங்கும்போது மேலே டக்கென்று முட்டும். கையேட்டு உயரத்துக்கு இறக்கி, அலைன்மென்ட் பாருங்கள்.

புதுச்சேரி–கடலூர் நெடுஞ்சாலையில் வழவழப்பான இடத்திலும் 70-இல் அதிர்கிறது.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் அதிர்வு ஸ்பிரிங் கோளாறு இல்லை. வீல் பேலன்சிங், முட்டை வடிவாகிப்போன ரீட்ரெட் டயர், வளைந்த வீல் டிஸ்க், பின் ஆக்சிலைச் சுழற்றும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸ், இந்த வரிசையில் பாருங்கள். பின் உயரத்தை மாற்றிய பிறகு தொடங்கியிருந்தால் கிராஸின் கோணம் கெட்டிருக்கலாம்.

லோடு வைக்கும் இடம் மாறினால் வித்தியாசம் தெரியுமா?

நன்றாகவே தெரியும். சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், 1,000 கிலோவைப் பின் ஆக்சிலுக்கு அரை மீட்டர் பின்னால் வைத்தால் முன்பக்கம் 167 கிலோ லேசாகிறது, பின் ஆக்சிலில் 1,167 கிலோ விழுகிறது. முன்பக்கம் தலையாட்டிக்கொண்டே போகும், ஸ்டீயரிங் பிடி குறையும். இறக்க வசதி என்று மீன் பெட்டிகளைப் பின்கதவு ஓரத்தில் குவிப்பதால் வருவது இது. கனமானதைக் கேபின் பக்கம் தள்ளி, லேசானதைப் பின்னால் வையுங்கள்.

காலியில் மணல் மூட்டை போட்டு ஓட்டலாமா?

100 கிலோ வைத்தால் துள்ளல் 10 சதவீதம்கூடக் குறையாது. டீசல் போகும், கட்டாத மூட்டை பிரேக் அடித்தால் பறந்து வரும். வேண்டாம்.

பாராபாலிக் பட்டைக்கு மாற்றலாமா?

உங்கள் மாடலுக்கென்றே, அதே சுமைதிறனுக்குத் தயாரித்ததாகக் கிடைத்தால் நல்ல மாற்றம். பட்டைகள் நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொடுவதால் உரசல் குறைவு, உப்பில் இறுகுவதும் குறைவு. உரசல் குறைவதால் அதற்கேற்ற ஷாக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். ஏதோ ஒரு வண்டியின் பட்டையை வெட்டிப் பொருத்துவதென்றால் தவிர்த்துவிடுங்கள்.

சீட்டை மாற்றினால் போதாதா?

பழைய வண்டியில் சீட் ஃபோம் அமுங்கித் தகட்டில் உட்கார்ந்திருப்பீர்கள், அதை மாற்றுவது உடனடிப் பலன் தரும். கூடவே கேபினைச் சேசிஸில் பிடிக்கும் மவுண்டிங் ரப்பர்களையும் பாருங்கள். கல்லாய் இறுகிய ரப்பர் எல்லா அதிர்வையும் உள்ளே விடும்.

உயரம் மாறினால் பிரேக்குக்கு ஏதாவது ஆகுமா? சட்டச் சிக்கல் வருமா?

பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து சேசிஸுக்கு ஒரு கம்பி போய், எல்.எஸ்.பி.வி. என்ற வால்வை அசைக்கும். பாடி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து லோடை அறிந்து, பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் அமைப்பு. எக்ஸ்ட்ரா பட்டையால் பின்பக்கம் உயர்ந்தால், லோடு இருக்கும்போதும் காலி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைக்கும், வண்டி நிற்கும் தூரம் நீளும். பட்டை தளர்ந்து இறங்கினால், காலியிலும் லோடு என்று எண்ணி, மழையில் பின்சக்கரம் பூட்டிச் சறுக்கும். ஸ்பிரிங்கில் எந்த வேலை நடந்தாலும் இந்தக் கம்பியைக் கையேட்டு அளவுக்கு வைத்துத் தரச் சொல்லுங்கள். பட்டறைகளில் மறந்துவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

பட்டை கூட்டியதால் ஆர்.சி.யில் உள்ள எடை கூடிவிடாது. ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அதிக பாரத்துக்கு 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய், இறக்கும் செலவும் உங்களுடையதே. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் ஆய்வாளர் பட்டைகளையும் எண்ணலாம். ஆகவே வேலை முடிந்ததும் கம்பெனி உதிரிபாக எண்ணுள்ள பில்லை வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.